சம்பளம் ஏறி இறங்கும்போது தசமபாகத்தை எப்படிக் கணக்கிடுவது, சபை அதை எப்படிச் செலவிடுவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கேள்வி இது. கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். மனைவிக்குத் தொழிற்சாலை வேலை. மகன் மோட்டாரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார். மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். வரவில் பத்தில் ஒன்றான தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வந்ததிலா? ஈபிஎஃப் என்னும் ஓய்வுகாலச் சேமிப்பை எடுத்தால் அதற்கும் உண்டா? கடன் இருக்கும்போது கொடுக்கலாமா? காணிக்கை குறைந்துவரும் சபையில் கமிட்டி என்ன செய்ய வேண்டும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பம் விகிதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தொகையை அல்ல. சபை தன் செலவைக் குறைந்த மாதத்து வரவை வைத்துத் திட்டமிட வேண்டும். பல இடங்களில் இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர். குடும்பங்கள் பழைய சந்தாத் தொகையையே கொடுக்கின்றன. கமிட்டி நல்ல மாதத்துக் காணிக்கையைப் பார்த்துச் செலவை ஏற்றிவிடுகிறது. வரவு குறையும் பிப்ரவரியில் இரண்டு பக்கமும் திணறுகின்றன.

ஒரே தோட்டத்தில், ஒரே செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்), ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்கியவர்கள் கூடிய சபைகள் இவை. அப்போது ஒரு சந்தாத் தொகை எல்லாருக்கும் பொருந்தியது. இன்று ஒரே பெஞ்சில் தொழிற்சாலைச் சம்பளமும் குத்தகை வேலையும் சிங்கப்பூர் டாலரும் ஈபிஎஃப் பணத்தில் வாழும் முதியவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேதமும் தொகையைச் சொல்லவில்லை. உபாகமம் 14:22 வருஷந்தோறும் விளையும் பலனில் பத்தில் ஒன்றைப் பிரிக்கச் சொல்கிறது. விளைச்சல் சுருங்கிய ஆண்டில் தசமபாகமும் சுருங்கும், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. புதிய ஏற்பாட்டுச் சபைக்குப் பவுல் சொன்னதும் 'வரவுக்குத் தக்கதாக' என்பதுதான் (1 கொரிந்தியர் 16:2).

முதலில் சம்பளச் சீட்டு. 2013-ல் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளியாக (ரிங்கிட்) தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025-லிருந்து 1,700. அந்த 1,700-ஐ எடுத்துக்கொள்வோம். ஊழியரின் ஈபிஎஃப் 11 விழுக்காடு, 187 வெள்ளி. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புக்கு 8 வெள்ளிச் சொச்சம், வேலைக் காப்புறுதிக்கு 3 வெள்ளிச் சொச்சம் போகும். கைக்கு வருவது சுமார் 1,500. மொத்தத்தில் கணக்கிட்டால் தசமபாகம் 170, கைக்கு வந்ததில் கணக்கிட்டால் 150. இந்த 20 வெள்ளியை வைத்து ஒருவரின் விசுவாசத்தை அளப்பது சரியில்லை. இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஈபிஎஃப் எடுக்கும்போது அந்த முடிவு வேண்டியிருக்கும்.

பிசகு நடக்கிற இடம் வேறு. தோட்டத்தில் பிடித்துக்கொள்ளும் மின்சாரக் கட்டணம், கடைப் பற்று, முன்பணம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் பத்தில் ஒன்று பார்க்கிறார்கள். மின்சாரமும் கடைச் சாமானும் நீங்கள் அனுபவித்த செலவு. முன்பணம் நீங்கள் முன்பே வாங்கிவிட்ட சம்பளம். கழிக்கக்கூடியவை ஈபிஎஃப், சொக்சோ, வேலைக் காப்புறுதி, வரி ஆகியவை மட்டுமே.

குலை வெட்டுபவருக்கு வெட்டு அளவைப் பொறுத்துக் கூலி ஏறும். செப்டம்பர், அக்டோபரை ஒட்டிக் குலை அதிகம், ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. ரப்பர் மரம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இலை உதிர்த்துப் பாலைக் குறைக்கும். மழைக்காலத்தில் காலை வெட்டே நின்றுவிடும். விலையும் நிலையாக இல்லை. 2022-ல் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டி, அந்த ஆண்டுக்குள்ளேயே பாதிக்கும் கீழே இறங்கியது. சிறுதோட்டக்காரருக்கு அது நேரடி அடி.

இப்படிப்பட்ட வரவுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒன்றை எடுத்துத் தனி உறையிலோ தனிக் கணக்கிலோ போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருப்பதில் பார்ப்போம் என்றால் மிச்சம் இருக்காது. பிறகு கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகளைக் கூட்டி 12-ஆல் வகுத்துச் சராசரியைக் கண்டுபிடியுங்கள். சராசரி 2,100 என்றால் மாதம் 210. அக்டோபரில் 2,600 வந்தால் உறைக்குள் 260 போகும், சபைக்கு 210 கொடுத்துவிட்டு 50-ஐ உறையிலேயே விட்டுவையுங்கள். பிப்ரவரியில் 1,750 வந்தால் உறைக்குள் 175, முன்பு தங்கியதிலிருந்து 35 சேர்த்து 210 கொடுக்கலாம். உறை காலியானால் 175 மட்டும். கைமாற்று வாங்கி நிரப்பாதீர்கள். உறையில் தங்கியது ஏற்கெனவே கர்த்தருக்கென்று பிரித்தது, ஆகவே பள்ளிச் செலவுக்கு அதில் கை வைக்கக் கூடாது என்ற ஒழுங்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்த முடிவு மூன்று மாதம்கூட ஓடாது.

பங்குக்கு ரப்பர்ப் பால் வெட்டுபவர் நிலக்காரர் பங்கு போக, தன் பங்கில் கணக்கிட வேண்டும். அமிலம், கத்தி, ஒட்டுப்பாலை ஏற்றிப்போகும் வண்டிக் கூலி ஆகியவற்றைத் தானே கட்டினால் அவற்றையும் கழிக்கலாம்.

உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மகனின் கணக்கில்தான் பெரும் குழப்பம். செயலியில் தெரியும் தொகை சம்பளம் அல்ல, வியாபார வரவு. மாதம் 2,400 வந்தது, பெட்ரோல் 380, எண்ணெய் மாற்றவும் டயருக்கும் ஒதுக்குவது 120, தொலைபேசி டேட்டா 50, மோட்டார் தவணை 250 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 800. உண்மை வருமானம் 1,600, தசமபாகம் 160. செயலித் தொகைக்கே 240 கொடுக்கத் தொடங்கும் இளைஞர்கள் டயர் மாற்றக் காசில்லாமல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் எதிர்ப்பக்கம் போய்ச் சாப்பாட்டையும் வாடகையையும்கூடக் கழிக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யாவிட்டால் அந்தச் செலவு வராது என்றால் கழிக்கலாம், மற்றதைக் கழிக்கக் கூடாது. பெட்ரோல் ரசீது தொலைந்துபோகும் என்பதால் அன்றன்றே ஒரு சின்ன நோட்டில் எழுதிவிடட்டும். ஈபிஎஃப் பிடிக்க யாரும் இல்லாத வேலை என்பதால் தசமபாகத்தோடு கூடவே சுயமாக ஈபிஎஃப் கட்டவும் பழகட்டும்.

அரசாங்க உதவிப் பணமான எஸ்டிஆர், அடையாள அட்டையில் அடிப்படைச் சாமான் மட்டுமே வாங்க முடிகிற சாரா, இவற்றுக்குத் தசமபாகம் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. உபாகமம் 14:28, 29-ல் மூன்றாம் வருஷத் தசமபாகமே பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வந்த உதவியில் பங்கு கேட்பது அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவது. அவர்கள் மனதார ஒரு வெள்ளி போட்டால் அது காணிக்கை, யாரும் தடுக்கப்போவதில்லை.

இனி ஈபிஎஃப். இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் தொகை பெரியது, ஒருமுறை போனால் திரும்பாது. உங்கள் 11 விழுக்காட்டோடு முதலாளி 13 விழுக்காடு போடுகிறார் (5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு), மேலே ஆண்டு ஈவுத்தொகை சேருகிறது. 2024-க்கு அது 6.30 விழுக்காடு. நீங்கள் மொத்தச் சம்பளத்தில் தசமபாகம் கொடுத்து வந்தவர் என்றால் உங்கள் 11-க்குக் கொடுத்தாகிவிட்டது, முதலாளி பங்கும் ஈவும்தான் புது வரவு. கைக்கு வந்ததில் கொடுத்தவர் என்றால் முழுத்தொகையும் இப்போதுதான் கணக்குக்கு வருகிறது. நோட்டில் எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எப்போது கொடுப்பது என்பது அதைவிட முக்கியம். தோட்டத்து வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்றால் வேலையோடு வீடும் போகும். 90,000 வெள்ளி கைக்கு வந்த வாரத்திலேயே 9,000-ஐச் சபையில் வைத்துவிட்டு, மூன்றாம் மாதம் வாடகைக்கு வீடு தேடி அலையும் நிலை வரக் கூடாது. 55 வயதுக்குப் பிறகு ஈபிஎஃப் பணத்தை முழுவதும் ஒரே தடவையில் எடுக்கத் தேவையில்லை. பகுதி பகுதியாகவோ மாதா மாதமோ எடுக்கலாம், மிச்சத்துக்கு ஈவு தொடரும். ஆகவே முதலில் கூரையை உறுதி செய்யுங்கள், பிறகு மாதம் இவ்வளவு என்று எடுங்கள், எடுத்ததில் பத்தில் ஒன்று கொடுங்கள். மாதம் 800 எடுத்தால் 80. இப்படிச் செய்தால் சபைக்கும் ஆண்டுக்கணக்கில் வரவு இருக்கும். குடியிருக்க வீட்டுக்காகச் செலவாகும் பணத்துக்கும் தசமபாகம் உண்டு என்று போதிப்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில், குடும்பத்தைப் பராமரிப்பது 1 தீமோத்தேயு 5:8-ல் கட்டளையாகவே இருக்கிறது, தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' (கடவுளுக்கான காணிக்கை) என்று சொல்லி ஒதுக்குவதை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11). மனைவிக்கு ஒரு கூரை என்பது அந்த வகையில் வரும். 2024 மே மாதத்திலிருந்து உள்ள ஈபிஎஃப் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நெருக்கடியில் எடுத்தால் அதற்குப் பத்தில் ஒன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடன் இருந்தால்? எந்தக் கடன் என்று பாருங்கள். வீட்டுத் தவணையும் மோட்டார் தவணையும் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்றால் தசமபாகம் தொடரட்டும். கிரெடிட் கார்டு நிலுவையும் ஆலோங் என்னும் கள்ள வட்டிக்காரரின் வட்டியும் கழுத்தை நெரிக்கின்றன என்றால் நிலைமை வேறு. சபைக்குக் கொடுப்பதற்காகக் கடன் வாங்குவது அடுத்தவன் பணத்தைக் காணிக்கையாக்குவது. 2 கொரிந்தியர் 8:12 ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று நேராகவே சொல்கிறது. போதகரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, வரவில் 2 விழுக்காட்டில் தொடங்குங்கள். ஒரு கடன் முடியும்போதெல்லாம் அந்தத் தவணையில் ஒரு பகுதியைச் சேர்த்து விகிதத்தை ஏற்றுங்கள். வங்கிக் கடன்களுக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகத் தவணையை மறுசீரமைத்துத் தருகிறது. ஆலோங் கடன் அதில் வராது.

மல்கியா 3-ஐ வைத்து, தசமபாகம் கொடுக்காததால்தான் பிள்ளைக்குச் சுகமில்லை, வேலை போனது என்று மேடையில் பயமுறுத்துவதைக் கேட்டால் மனம் நொந்துபோகிறது. அந்தத் தீர்க்கதரிசி பண்டசாலையில் ஆகாரம் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். அந்த ஆகாரத்தை உண்ண வேண்டியவர்களில் ஏழையும் ஒருவன். ஏழையால் ஆட்டைக் கொண்டுவர முடியாவிட்டால் இரண்டு புறா, அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் மாவு என்று லேவியராகமம் 5 இறங்கி வருகிறது. மேடையும் அப்படி இறங்கி வர வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் எந்தச் சபையில் பிரசங்கம் கேட்டு, வியாதியில் விசாரிக்கப்படுகிறாரோ அங்கே தசமபாகம் கொடுப்பதே முறை. ஊர்ச் சபைக்கு விருப்பக் காணிக்கை அனுப்பட்டும். அவர் பணத்தை நம்பி ஊர்ச் சபை மாதச் செலவைக் கட்டிக்கொண்டால், அவருக்குக் கல்யாணமாகும் நாளில் கணக்கு இடிந்துவிழும்.

இப்போது கமிட்டிக்கு. கடந்த 24 மாதக் காணிக்கைக் கணக்கை எடுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலம், கிறிஸ்துமஸ், கட்டட நிதி ஆகியவற்றை நீக்குங்கள். மிச்சத்தில் மிகக் குறைந்த ஆறு மாதங்களின் சராசரியைப் பாருங்கள். உதாரணத்துக்கு, 40 குடும்பச் சபையில் பொதுச் சராசரி 6,200, அந்த ஆறு மாதச் சராசரி 4,700 என்று வைப்போம். போதகரின் படியும் ஈபிஎஃப்பும், மின்சாரம், தண்ணீர், தலைமைச் சபைக்கு அனுப்ப வேண்டிய பங்கு என்று தப்ப முடியாத செலவெல்லாம் 4,700-க்குள் அடங்க வேண்டும். மேலே உள்ள 1,500 முதலில் மூன்று மாதச் செலவு, அதாவது 14,100 சேரும் வரை ஒதுக்கு நிதிக்குப் போகட்டும். பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். அதுவரை புது ஒலிபெருக்கியும் குளிர்சாதனமும் காத்திருக்கலாம். குளிர்சாதனத்தை வாங்குவது ஒருமுறைதான், அதன் மின்சாரக் கட்டணம் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வரும்.

செலவு 4,700-க்குள் அடங்கவில்லை என்றால், முதலில் போதகரின் படியில் கை வைக்கும் பழக்கத்தை விடுங்கள். பல சபைகளில் குறைந்த மாதத்தில் அவர் பணத்தைத்தான் சத்தமில்லாமல் தள்ளிவைக்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சபையோடு போதகரைப் பகிர்ந்துகொள்வது, மண்டபத்தை வார நாளில் பாலர் வகுப்புக்கு விடுவது, வாரக் கூட்டங்களை வீடுகளுக்கு மாற்றி மின்சாரத்தைக் குறைப்பது ஆகியவற்றைத் திறந்த கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.

ஒதுக்கு நிதி சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லேவியர் வாங்கிய தசமபாகத்திலும் பத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள் (எண்ணாகமம் 18:26). அதேபோல் சபையின் சாதாரண வரவில் பத்தில் ஒன்று ஏழைகளுக்கு என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். மேலே சொன்ன சபையில் மாதச் சராசரி 620 வெள்ளி. ஒதுக்கு நிதி சேர அதனால் ஏறக்குறைய பதினாறு மாதம் ஆகும், ஆகட்டும். உதவியைக் கையில் பணமாகக் கொடுப்பதைவிட மின்சாரப் பில்லை நேராகக் கட்டுவது, பள்ளிப் பேருந்துக்காரருக்குக் கொடுப்பது, அரிசி பருப்பு வாங்கித் தருவது நல்லது. போதகரும் இரண்டு மூப்பரும் மட்டும் பெயர் அறிந்தால் போதும். மூப்பரின் உறவினர் கேட்டால் அந்த மூப்பர் விலகிக்கொள்ளட்டும்.

அறுப்பின் பண்டிகை ஏலம் நம் சபைகளின் அழகான வழக்கம். அதில் ஒரு தேங்காய் 200 வெள்ளிக்குப் போவதும் உண்டு, அந்த 200 வராமலே போவதும் உண்டு. ஏலத் தொகையை நான்கு வாரத்துக்குள் கட்ட வேண்டும் என்று முன்பே அறிவியுங்கள். குடும்பத்துக்குக் குடும்பம் போட்டி ஏறும்போது ஏலம் விடுபவர் சுத்தியலை வேகமாகத் தட்டிவிட வேண்டும். வராத தொகையை வருமானமாக எழுதாதீர்கள்.

எண்ணும் முறையில் சுணக்கம் வேண்டாம். உறவினர் அல்லாத இருவர், ஆராதனை முடிந்த கையோடு, கதவு திறந்திருக்கும் அறையில் எண்ண வேண்டும். நோட்டு வகை வாரியாகப் படிவத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதி பொருளாளருக்கு, ஒன்று போதகருக்கு. அதிலிருந்து எடுத்துப் பூவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வந்தது முழுவதும் வங்கிக்குப் போகட்டும், செலவு வவுச்சரோடு தனியே வரட்டும். நாணயங்களைப் பணம் போடும் இயந்திரம் வாங்காது, ஆகவே அவற்றைச் சேர்த்துவைத்து மாதம் ஒருமுறை கவுண்டருக்குக் கொண்டுபோங்கள். தொகையைப் படிவத்தில் அன்றே எழுதிவிட வேண்டும்.

கைபேசியில் பணம் செலுத்த டூயிட்நவ் கியூஆர் அட்டை வைத்தால் அது சபையின் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும். பொருளாளரின் சொந்த இ-வாலட்டை 'தற்காலிகமாக' வைத்த இடங்களில் நல்ல மனிதர்களின் பெயர் கெட்டிருக்கிறது. அட்டையின் கீழே சபையின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, பணம் அனுப்புமுன் திரையில் அதே பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அட்டைமேல் வேறொரு கியூஆர் ஒட்டும் மோசடி நடப்பதால் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். குறிப்பு இடத்தில் குடும்பத்துக்குரிய காணிக்கை உறை எண்ணை எழுதச் சொன்னால் யாருடையது, தசமபாகமா கட்டட நிதியா என்று பிரிக்க முடியும். கைபேசித் திரையைப் படமெடுத்து அனுப்புவது ரசீது ஆகாது, வங்கி அறிக்கையில் வந்தால்தான் வரவு. பையில் போட நோட்டு இல்லாமல் கைபேசியில் அனுப்பிய பாட்டியோ பேரனோ வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதாக எண்ணாதபடி, 'இணையத்தில் செலுத்தினேன்' என்று அச்சிட்ட சிறு அட்டைகளைப் பெஞ்சில் வைக்கலாம்.

யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். அதற்குப் பதிலாக ஜனவரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூடிய உறையில் அவர்களுடைய ஆண்டுக் கணக்கைக் கொடுங்கள். எண் தவறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சபைக்கு மொத்த வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசியுங்கள்.

வரிக்கழிவு பற்றியும் கேட்கிறார்கள். சாதாரணத் தசமபாகத்துக்கு வருமான வரியில் கழிவு கிடைக்காது. 1967 வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற நிறுவனமோ நிதியோ கொடுக்கும் ரசீதுக்கு மட்டும், ஆண்டின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு உண்டு. உங்கள் தலைமைச் சபையின் கட்டட நிதிக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்து, ரசீதை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். 1,700 வெள்ளி வாங்குபவருக்கு வரியே வராது என்பதால் இது ஆசிரியர், தாதி போன்றோருக்குத்தான் பயன்படும். சபை சங்கமாகப் பதிவாகியிருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் தணிக்கை செய்த கணக்கோடு ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிவிட வேண்டும்.